ராசியான கோணி ஊசி

எதிர்வீட்டில் ஒரு இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். புடவை, ஊறுகாய், இன்னும் என்னென்னவோ ஃபோனிலேயே விற்கிறார்கள். சரக்கை அடுக்குவதும் அவர்கள் கூடத்தில்தான், பெட்டி கட்டுவதும் அங்கேதான். காலை எட்டு மணிக்குப் பிசின் நாடாவைச் 'சர்ர்' என்று இழுக்க ஆரம்பித்தால் பகல் பன்னிரண்டுவரை ஓயாது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. கதவைச் சாத்திவிட்டு உட்காருகிறேன். "இந்த வயசுல உனக்குக் காது நல்லா கேக்குதேன்னு சந்தோஷப்படும்மா" என்று மகன் கேலி பேசுகிறான். சத்தத்தினால் வருகிற எரிச்சல் இல்லை அது என்று அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். துணி போட்டுத் தைத்து, தையல்மேல் சாணுக்கு ஒரு இடம் சிவப்பு அரக்கு வைத்து, தபால்காரர் கொண்டுவந்து வாசலில் வைத்த பார்சல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் உட்கார்ந்து தைத்தார்கள் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? வாங்கினவர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை எடுத்திருப்பீர்கள்.

செங்கல்பட்டில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அச்சரப்பாக்கத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு நைனா டவுனுக்கு வந்து தொடங்கிய வியாபாரம் அது. மாமல்லபுரத்தில் சிப்பி வேலை செய்கிறவர்களிடமிருந்து சரக்கு வாங்குவார். சிப்பி பதித்த முகம்பார்க்கும் கண்ணாடி, சோழி ஒட்டிய நகைப்பெட்டி, குங்குமச் சிமிழ். பத்திரிகையின் மூலையில் நாலு வரி விளம்பரம் போடுவார். ஆர்டர் கார்டு வரும். வி.பி. பார்சலில் அனுப்புவார். வாங்குகிறவர் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலை எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது போன வழியே திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

வீடு என்று பெயர்தான். கூடம் முழுக்கப் பெட்டிகள். சரியாகக் கழுவாத சிப்பியிலிருந்து ஒரு கவிச்சை வந்துகொண்டே இருக்கும். எங்கள் ரிப்பன், போர்வை, ஏன் மோரில்கூட அந்த வாசனைதான். பெட்டிக்குள் அடைக்கத் திருப்போரூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சவுக்குச் சருகு மூட்டை மூட்டையாக வரும். ஊசி ஊசியாக இருக்கும், பாயிலும் பாவாடையிலும் குத்தும். மெல்லிய பலகைப் பெட்டியில் சருகு பரப்பி, சாமானைப் பழைய பேப்பரில் சுற்றி நடுவில் வைத்து, மேலும் சருகு அடைத்து, மூடி போட்டு ஆணி அடிப்பான் அண்ணன். அதன்மேல் காடாத் துணியைச் சுற்றி அம்மா தைப்பாள். நைனா அரக்கை உருக்கி முத்திரை வைப்பார். பிறகு அண்ணன் சைக்கிளில் போட்டு மூன்று மணிக்குள் தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

"நம்ம சரக்கு நம்ம வூட்லதான் இருக்கணும். நம்ம கையால கட்டணும். நம்ம ஆளே எத்துகினு போய்க் குடுக்கணும். அடுத்தவன் கை பட்டா வெளங்காது" என்பார் நைனா. பெரிய தத்துவம்! வெளி ஆள் கை படாமலே பத்துக்கு நாலு பார்சல் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. கூடத்தின் வடக்கு மூலையில் அவை ஏறிக்கொண்டே போயின. 'தையல் பிரிந்து வந்தது, வேண்டாம்' என்று ஒட்டுச்சீட்டில் எழுதியிருக்கும். பிரிந்த பார்சலைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? உள்ளேயிருந்து எதையாவது எடுத்திருப்பார்களோ என்று சந்தேகம் வராதா?

நயா பைசா வந்த புதிது. நான் எட்டாங்கிளாஸ். வருடக் கடைசியில் பப்ளிக் பரீட்சை. அதில் தேறினால்தான் ஹைஸ்கூலில் மேலே படிக்கலாம், டீச்சர் டிரெய்னிங் போகலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கல்யாண சீசனுக்கு ஆர்டர் குவிந்த தை மாதத்தில் அம்மாவுக்கு நகச்சுத்தி வந்து விரல் வீங்கிவிட்டது. பதினோரு பார்சல் தைக்காமல் கிடந்தன. நான் கோணி ஊசியை எடுத்து உட்கார்ந்து தைத்தேன். பதினொன்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் ஒன்பது தைத்தேன். அதிலும் ஒன்றும் வரவில்லை.

"பாப்பாவுக்குக் கைராசி கீது" என்றார் நைனா.

அவ்வளவுதான், என் படிப்புக்குக் கேடு காலம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் குளிக்கவைத்து, அந்தக் கோணி ஊசியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்போரூர் போனார்கள். முருகன் பாதத்தில் ஊசியை வைத்து வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றினாள் அம்மா. இனி அதை நான் தவிர வேறு யாரும் தொடக்கூடாதாம். பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு அழுகை முட்டியது.

ராசியாவது மண்ணாவது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் பின்தையல் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மா போடுவது ஓட்டுத் தையல். ஊசியை உள்ளே வெளியே என்று நீளமாக ஓட்டிக்கொண்டே போவாள். ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பின்தையலில் ஒவ்வொரு தடவையும் ஊசி ஒரு எட்டு பின்னால் வந்து குத்தி, பிறகு முன்னால் போகும். ஒரு இடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மூட்டையோடு மூட்டையாக ரயிலில் தூக்கி எறிந்தாலும் பிரியாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "இது ராசி இல்ல நைனா. டீச்சர் சொல்லிக்குடுத்த தையலு. அம்மாவுக்கு நான் கத்துக்குடுக்கறேன்."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "வாய மூடுடி! ராசிய இப்டி வாயால பேசினா போய்டும்."

"தையல் யார் வேணாலும் தைக்கலாம் பாப்பா. திரும்பி வராம இருக்கறது கை. அது சொல்லிக்குடுத்து வராது" என்று நைனா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடம் கொடுத்ததை வைத்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். முதலில் பகலுக்குமேல் போகாதே என்றார்கள். மாசி பிறந்ததும் போகவே வேண்டாம் என்றாகிவிட்டது.

தையல் டீச்சரே ஒருநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றபடியே பேசினார்.

"பரீட்சைக்காவது அனுப்புங்க. அஞ்சு நாள்தான். நல்லா படிக்கிற பொண்ணு."

"பரீட்சை அடுத்த வருசமும் வரும் டீச்சரம்மா. கல்யாண ஆர்டரு வருமா?" என்ற நைனா, அவர் கையில் ஒரு குங்குமச் சிமிழை வைத்து மரியாதையாக வழியனுப்பினார். டீச்சர் அந்தச் சிமிழை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் ஊசியும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்னொரு நம்பிக்கையும் வந்து போனது. பட்டணத்திலிருந்து ஒரு பார்சல் ஏஜெண்டு வந்தார். நாலைந்து வியாபாரிகளின் சரக்கைத் தன் குடோனில் வைத்து, ஆள் போட்டுக் கட்டி, தானே அனுப்பிவைக்கிறவர். "சரக்க என்கிட்ட எறக்கிட்டு ஆர்டர் கார்ட மட்டும் அனுப்புங்க அண்ணாத்த. உங்களுக்கு ஒரு பேஜாரும் இருக்காது" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். நைனா வெற்றிலையை மென்றபடி, "உன் ஆளுங்களுக்கு இன்னா ராசி கீதுன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்? எங்க வூட்லயே கை கீது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வந்த வாய்ப்பையும் என் கையே கெடுத்தது.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு ஊர் கடலோரத்துக் கடப்பாக்கம். கல்யாணமாகி வலது கால் எடுத்துவைத்து வந்த அன்றைக்கே கூடத்தில் அடுக்கியிருந்த கண்ணாடிக் கட்டு சரிந்து, இருபது கண்ணாடி நொறுங்கிப்போனது. அடுக்கியவன் அண்ணன். பெயர் வந்தது அண்ணிக்கு. ராசியில்லாதவள் என்று சரக்குப் பக்கமே விட மாட்டார்கள். சமையலும் தண்ணீர் இறைப்பதும் சருகு பெருக்குவதும்தான் அண்ணியின் வேலை. அண்ணி அதற்காகக் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. காரணம் இருந்தது. கடப்பாக்கத்தில் அவர்களுடைய அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அண்ணியின் தம்பி மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து கூப்பிட்டால், "போய்ட்டு வரட்டும், இங்க இருந்து இன்னா ஆவப்போவுது" என்று நைனா உடனே அனுப்பிவிடுவார். பத்து நாள் இருந்துவிட்டு நெத்திலிக் கருவாடும் பனங்கிழங்குமாகத் திரும்பி வருவார்கள்.

"வெளிச்சத்துல நின்னா எம் மூஞ்சி தெரியுதுன்றாங்க பாப்பா. வாசப்படியில நிக்கவச்சிப் பாத்துகினே இருப்பாங்க" என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்கள்.

மாசி பாதியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நைனா, அம்மாவின் ராசிப் பைத்தியத்தை வைத்தே அவர்களை மடக்குவது. "நைனா, நான் தைக்கறப்ப யாரும் பாக்கக்கூடாது. கண்ணு பட்டா ராசி போய்டும்" என்றேன். என்ன அழகாக நம்பினார்கள் என்கிறீர்கள்! சரக்கறையை எனக்கென்று ஒதுக்கிக் கதவைச் சாத்தித் தந்தார்கள். அம்மா வெளியே காவல். சரக்கறைக்குக் கொல்லைப்புறமாக இன்னொரு கதவு இருந்தது. பகல் சாப்பாட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு அண்ணி அந்த வழியாக வருவார்கள்.

முதல் நாள் கிழிந்த காடாவில் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு எட்டு பின்னால வாங்க அண்ணி. அங்க குத்துங்க. இப்ப முன்னால போங்க." மூன்றாவது வரியிலேயே அண்ணியின் தையல் என்னுடையதைவிடச் சீராக வந்தது. அன்றிலிருந்து அண்ணி தைத்தார்கள், நான் சருகு மூட்டைமேல் சாய்ந்து சரித்திரப் புத்தகத்தைப் படித்தேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்வேன். அண்ணி தலையைத் தூக்காமலே, "அப்புறம் அந்த ராஜாவுக்கு இன்னாச்சி?" என்று கிசுகிசுப்பார்கள். கதை கேட்கிற மாதிரி என் பாடத்தை எல்லாம் கேட்டார்கள். அந்த மூன்று வாரம்தான் அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள்.

முப்பதுக்குமேல் பார்சல் போனது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. என் கைக்குக் கற்பூரம் சுற்றினாள் அம்மா.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணியிடம் சொன்னேன். "இன்னிக்கு நைனாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். ராசியில்லாதவங்கன்னு சொன்ன உங்க கையால தச்சது ஒண்ணும் திரும்பல. அப்ப ராசியே பொய்தான? என்ன வுட்டுடுவாங்க. உங்களையும் திட்டமாட்டாங்க."

அண்ணி ஊசியை நிறுத்தினார்கள். "சொல்லாத பாப்பா. நான் ராசியில்லாதவளாவே இருந்துட்டுப் போறேன். அதான் எனக்கு நல்லது."

"உங்களுக்கு ரோஷமே கெடையாதா அண்ணி?"

"அஞ்சு நாளிக்கும் இங்கயே தச்சித் தரேன். நீ கொல்லப்பக்கமா போயி எழுதிட்டு வந்துடு."

"எவ்ளோ நாளிக்குத் திருட்டுத்தனமா படிக்கிறது? ஹைஸ்கூலுக்கும் கொல்லப்பக்கமாவா போறது?"

அண்ணி மறுபடி குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. நான் கண்டுபிடித்த உண்மை மலை மாதிரி பெரிதாகத் தெரிந்தது. சொன்னால் எல்லார் கண்ணும் திறந்துவிடும் என்று நிச்சயமாக நம்பினேன். அண்ணி ஏன் பயப்படுகிறார்கள் என்று நின்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பகல் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது போட்டு உடைத்தேன். "இந்த மாசம் போன பார்சல் ஒண்ணுகூட நான் தைக்கல. எல்லாம் அண்ணி தச்சது."

அண்ணன் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தான். அம்மா மஞ்சள் துணியில் இருந்த ஊசியைத் தேடி ஓடினாள். அண்ணி ரசக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றார்கள். நைனா கத்துவார், அடிப்பார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் மெதுவாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வலது கைய நீட்டும்மா."

அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்கள். நைனா அதைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார். "ராசி மருமவகிட்ட மாறிக்கீது. அதான் மொறை. பொண்ணு நாளிக்கு வேற வூட்டுக்குப் போயிடும். மருமவதான் நம்ம வூட்டுக்குன்னு இருக்கறவ. முருகன் பாத்துதான் மாத்திக் குடுத்துக்கீறான்."

இப்படி ஒரு வழி இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பொய் என்று நிரூபித்துக் காட்டினேன், அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. "அப்ப நான் பரீட்சைக்குப் போலாமா நைனா?" என்றுதான் கேட்டேன். "போ, போ" என்றார். துள்ளிக் குதித்தேன். அண்ணியைத் திரும்பிப் பார்த்தேனா என்று இன்று எத்தனை யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

மறுநாளே அண்ணியைத் திருப்போரூர் அழைத்துப்போய், அதே ஊசியை மறுபடி முருகன் பாதத்தில் வைத்து வாங்கினார்கள்.

பரீட்சை மூன்றாம் நாள், சரித்திரம். கேட்டதெல்லாம் சரக்கறையில் படித்தது. விரலெல்லாம் மையாக, காற்றில் நடந்து வருகிற மாதிரி வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் அண்ணியின் தம்பி எதிரே வந்தார். அக்காவைக் கூட்டிப்போக வந்தவர். பக்கத்தில் அண்ணி இல்லை.

"அண்ணி வரலியா?"

"சீசன் முடியட்டும்னுட்டாரு உங்க நைனா. அக்கா கைய நம்பித்தான் வூடே கீதாம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா காலையிலேர்ந்து வாசப்படியிலயே குந்திகினு கீறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் உள்ளே ஓடி நைனாவிடம் சண்டை போட்டேன். "அம்மாவுக்கு நான் கத்துக்குடுக்கறேன், எனக்கே தைக்கத் தெரியும், பரீட்சை முடிஞ்சதும் நானே உக்காந்து தைக்கறேன், அண்ணிய அனுப்புங்க" என்று கத்தினேன். "மாறின ராசி திரும்பி வராது. நீ போயி பரீட்சைய எழுதற வேலையப் பாரு" என்றார். வேண்டியதைக் கொடுத்துவிட்ட தோரணை அவருக்கு. இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது அதுதான்.

சரக்கறைக் கதவைத் திறந்தேன். அண்ணி என் இடத்தில், என் பலகைமேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரித்திரம் நல்லா எழுதினியா பாப்பா?" என்றார்கள். என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் தேறினேன். தையலில் ஸ்கூலிலேயே முதல். ஹைஸ்கூல் போனேன், டிரெய்னிங் போனேன், கடைசியில் நானும் ஒரு தையல் டீச்சராகவே ஆனேன். எந்தப் பெண்ணையாவது யாராவது கைராசிக்காரி என்று புகழ்ந்தால் வகுப்பென்றும் பார்க்காமல் எரிந்து விழுவேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

சீசன் முடியவில்லை. சித்திரைக் கல்யாணம், வைகாசிக் கல்யாணம் என்று நீண்டது. ஆடியில் ஆர்டர் குறைந்தால், அடுத்த சீசனுக்குக் கட்டிவைக்கலாம் என்றார் நைனா. அந்தத் தம்பி இரண்டு தடவை வந்து வெறும் கையோடு போனார். ஆவணியில்தான் அண்ணியைக் கடப்பாக்கம் அனுப்பினார்கள், அதுவும் இரண்டே நாளைக்கு.

திரும்பி வந்த அன்று அண்ணி கருவாட்டுப் பையை அடுப்படியில் வைத்துவிட்டு நேராகச் சரக்கறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான் பின்னாலேயே போனேன்.

"அம்மாவுக்கு இப்போ மூஞ்சி தெரியுதா அண்ணி?"

"இல்ல பாப்பா." ஊசியில் நூலைக் கோத்தார்கள். சுட்டுவிரலும் கட்டைவிரலும் தடித்து, காய்த்துக் கறுத்திருந்தன. "வாசப்படியில போயி நின்னேன். வெளிச்சத்துலதான் நின்னேன். தெரியல. சரின்னு அவங்க கையப் புடிச்சேன். எங் கைய ரொம்ப நேரம் தடவித் தடவிப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"யாரும்மா நீன்னு கேட்டாங்க."